உள்ளே செங்குத்து, வெளியே படுக்கை

எண்ணூர் விரைவுச் சாலையில்
என் வண்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று தூசி.
விடியலில் கடல் உப்பு.
பத்து மணிக்கு கன்டெய்னர் லாரிகள் கிளப்புவது.
சாயங்காலம் மணலிப் பக்கமிருந்து
பெயர் தெரியாத ஒன்று:
தொட்டால் மாவு, தேய்த்தால் மை.

ஈரத்துணி போதுமென்று
முதல் மாசம் நானும் நினைத்தேன்.
தண்டையார்பேட்டை சிக்னலில்
வெயில் நேரெதிரே வந்து நின்றபோது
கண்ணாடி முழுக்கக் கோடு கோடாய்,
அடித்து அடித்துத் திருத்திய விடைத்தாள்.
குறுக்கே வந்த மீன் சைக்கிளை
இரண்டாவது பார்வையில்தான் பார்த்தேன்.
அன்றைக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டது.
போர் தண்ணீர் ஆகாது,
காய்ந்ததும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிடும்.
கேன் தண்ணீர் அரைச் சொம்பு, வினிகர் ஒரு மூடி.
ஊறுகாய் வாசம் பத்து நிமிஷத்தில் போய்விடும்,
சவாரிக்காரர்களுக்குத் தெரியாது.
பழைய நைட்டி நார் விடும்.
வாசனைத் தைலத்தில் அலசிய துணி
துடைப்பதுபோல் துடைத்து எண்ணெய் பூசும்.
வெயிலில் தொடவே கூடாது:
கை போய்ச் சேருமுன்
தண்ணீர் செத்துவிடும், அதன் எலும்பு மட்டும் தங்கும்.
கண்ணாடியை நாலு விரல் இறக்கி
ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் விளிம்பை
முதலில் பிடிக்க வேண்டும்.
அழுக்கை எடுக்க ஒரு துணி,
ஈரத்தை எடுக்க ஒரு துணி.
இரண்டையும் ஒரே பையில் வைக்காதே.

இதெல்லாம் கேட்டால் எவரும் சொல்வார்கள்.
ஒன்று மட்டும் நானே கண்டது.
காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு வெளியே
சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில்
ஒரே ஒரு கோட்டை
பதினோரு முறை வெளியே நின்று துடைத்தேன்.
அது உள்ளே இருந்தது.

அன்றிலிருந்து
உள்பக்கம் மேலிருந்து கீழே,
வெளிப்பக்கம் இடமிருந்து வலம்.
மிச்சமிருக்கும் கோடு
தானே சொல்லிவிடும்
எந்தப் பக்கத்துத் தப்பு என்று.
வீட்டில் நடக்கும் சண்டைக்கு
இப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

போன வியாழக்கிழமை
காலடிப்பேட்டையில் ஒருவர் ஏறினார்.
படகு எஞ்சின் மெக்கானிக், பெயர் தணிகாசலம்,
தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்துக்கு
மின்ட் போக வேண்டும்.
பாலில் முக்கி எடுத்ததுபோல் சட்டை.
ஏசி வேண்டாம், துட்டு கூட ஆகும் என்றார்.
ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை.
துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில்
வண்டி நின்றது. காற்றும் நின்றது.
காதில் போன், கன்னத்தில் மாவா.
பேச்சு நடுவில் தலையைத் திருப்பி
வெளியே துப்பினார்.

வெளியே போகவில்லை.

அரக்கு நிறத்தில் ஒரு மரம்
கண்ணாடியில் தலைகீழாய் வளர்ந்தது.
கிளை இரண்டு சட்டையில்.
போனில் யாரோ அலோ, அலோ என்றார்கள்.
"எக்கா... தொறந்துக்கினு கீதுன்னு நென்ச்சேன்க்கா."

கோபம் வரவேண்டிய இடம்.
வந்தது வேறு.
இத்தனை உப்பும் கரியும் படியும் இந்த ரோட்டில்
என் கண்ணாடியை ஒரு மனுஷன்
காற்று என்று நம்பிவிட்டான்.

கைக்குட்டையை எடுத்தார்.
"தொடாதீங்க. கோடு விழும்."

முன்னால் லாரி அசையவில்லை. இறங்கினேன்.
பின்கதவைத் திறந்தேன். இரண்டு துணி.
மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே.
அவர் சாலையோரம் சட்டையை
உடம்பிலிருந்து இரண்டு விரலால் தள்ளிப் பிடித்தபடி
சாமி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.
மிச்ச வினிகரைச் சட்டைக்குக் கொடுத்தேன்.
கறை ரோஜா நிறமானது, அதற்குமேல் இறங்கவில்லை.

மின்ட் வரைக்கும்
துப்ப வேண்டியபோதெல்லாம்
ஆள்காட்டி விரலை மடக்கி
முதலில் தட்டிப் பார்த்தார்.
டொக்.
இருக்கிறது.
பிறகுதான் பொத்தானை அழுத்தி இறக்கினார்.

அவர் போனதும் பார்த்தேன்:
விரல் கணு அளவில்
நாலு மங்கல்.
உள்பக்கம்.